கோமாஷியோ: கடை பாட்டிலும் வீட்ல அரைக்கிறதும் ஒண்ணா? தினசரி சாப்பாட்டுக்கு எது சரி?

நித்யா_நிஷிகசாய்

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் முதல் இழை. ஊர்லேந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க, மூணு மாசம் இருப்பாங்க. மாமனாருக்கு பிபி, ஆனா தட்டு ஓரத்துல காரசாரமா எதாவது இல்லாம அவருக்கு சாதம் இறங்காது. ஊறுகாய குறைக்கலாம்னு இங்க ஜப்பான்ல சூப்பர்ல கோமாஷியோ பாட்டில் ஒண்ணு வாங்கினேன், எள்ளும் உப்பும் தானே நல்லதுதானேன்னு. பாத்தா அது முழுசு முழுசா கருப்பு எள்ளு, நடுநடுவுல வெள்ளையா உப்பு, வாயில போட்டா முதல்ல உப்புதான் அடிக்குது. நெட்ல அதே பேர்ல தேடினா பழுப்பு கலர்ல கரகரன்னு அரைச்ச பொடி வருது, பத்துக்கு ஒண்ணு, பதினெட்டுக்கு ஒண்ணுன்னு ஆளாளுக்கு ஒரு அளவு, அமிர்தம் ரேஞ்சுக்கு புகழ் வேற.

எது நிஜ கோமாஷியோ? வீட்ல பண்ணா என்ன அளவு, மிக்ஸில போட்டா ஆகுமா? இன்னொண்ணு, நாங்க முட்டை கூட சேக்காத வீடு, அதனால ஃபுரிகாகே (சாதத்து மேல தூவிக்கிற பொடி) பக்கமே போறதில்ல, அதுல எதாவது எங்களுக்கு ஆகுமான்னும் சொல்லுங்க.

கான்சாய்_பாலா

ரெண்டும் நிஜந்தான்மா. பேரு ஒண்ணு, வேலை வேற வேற.

நீங்க வாங்கினது செகிஹானுக்குன்னு இருக்கிறது. செகிஹான்னா சிவப்பு சாதம், மோச்சிங்கிற ஒட்டுற அரிசிய அசுகிங்கிற சின்ன சிவப்பு பயறு வேக வெச்ச தண்ணில ஊறப்போட்டு அந்தப் பயறோடயே ஆவில வேக வைக்கிறது, குழந்தை பொறந்தா, பள்ளிக்கூடம் சேந்தா, வேலை கிடைச்சா, நல்ல காரியம் எதுன்னாலும் இங்க அது வந்துரும். சாதத்துல உப்பு பேருக்குத்தான் இருக்கும், அதனால சாப்பிடும்போது மேல கோமாஷியோ தூவிக்கணும். டிபார்ட்மென்ட் ஸ்டோர் கீழ்த்தளத்துல செகிஹான் டப்பா வாங்கினீங்கன்னா ஓரத்துல குட்டியா ஒரு பாக்கெட் ஒட்டியிருப்பான், கொம்பினில (தெருமுனை சின்னக் கடை) விக்கிற செகிஹான் ஒனிகிரி (சாத உருண்டை) மேலயும் அதேதான். சிவப்பு மேல கருப்பு எடுப்பா தெரியணும், பல்லுல முழு எள்ளு வெடிக்கணும், அதனால அத அரைக்க மாட்டாங்க.

முழு எள்ளோட உப்ப சும்மா கலந்து வெச்சா உப்பு கீழ இறங்கிரும், மேல இருக்கிறவனுக்கு எள்ளு, அடியில இருக்கிறவனுக்கு உப்பு. அதுக்கு இங்க வீட்டுப் பெரியவங்க ஒண்ணு பண்ணுவாங்க, நானும் பக்கத்து வீட்டு ஒபாச்சான் (பாட்டி) கிட்ட பாத்துதான் செய்றேன். கருப்பு எள்ளு மூணு டேபிள்ஸ்பூன் வெறும் சட்டில வறுத்துக்கிட்டு, உப்பு ஒரு டீஸ்பூன ரெண்டு டேபிள்ஸ்பூன் தண்ணில கரைச்சு அதுல ஊத்திரணும். சொய்ங்னு ஒரு சத்தம், எள்ளு எல்லாம் நனைஞ்சு சேறு மாதிரி ஒட்டிக்கும், பயப்படாதீங்க. அடுப்ப மிதமா வெச்சு கரண்டி நிக்காம கிண்டிக்கிட்டே இருந்தா தண்ணி வத்த வத்த ஒண்ணு ஒண்ணா பிரிய ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு கட்டத்துல பாத்துக்கிட்டு இருக்கும்போதே கருப்பு மேல சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை படரும், அதுதான் உப்பு எள்ளு மேலயே படிஞ்சிருச்சுன்னு அர்த்தம். உடனே அடுப்ப அணைச்சு தட்டுல கொட்டி ஆற விடணும், இன்னும் கொஞ்சம்னு விட்டா எள்ளு கருகி கசக்கும், கருப்பா இருக்கிறதால கருகுனது கண்ணுக்கும் தெரியாது.

ஆரோ_மீனா

நித்யா, அரைச்சதுதான் தினசரிக்கு. நான் ஆரோவில் பக்கம் இருக்கேன், மாக்ரோபயாடிக் (முழு தானியத்த அடிப்படையா வெச்ச சாப்பாட்டு முறை) சமையல் கத்துக்கிட்டு பல வருஷமா கோமாஷியோ இல்லாம ஒரு வேளை கூட இல்ல. உலகம் பூரா இந்தப் பொடி போனதுக்கு காரணமே ஜார்ஜ் ஒசாவா, ஜப்பான்ல சகுராசாவா யுகிகாஸுன்னு பேரு, 1893ல பொறந்தவர், 1929லயே பாரிஸ் போயி கீழை நாட்டு சாப்பாட்டுத் தத்துவத்த எழுத ஆரம்பிச்சவர். முழு அரிசி சோறு, அது மேல கோமாஷியோ, அதுதான் அவங்க முறைக்கு அஸ்திவாரம்.

செய்முறை சொல்றேன். உப்ப முதல்ல தனியா வெறும் சட்டில வறுக்கணும், ஈரம் போயி பொலபொலன்னு வரும். அத சுரிபாச்சில போட்டு மாவா அரைச்சிடணும். சுரிபாச்சின்னா உள்பக்கம் பூரா சீப்பால கோடு இழுத்த மாதிரி வரி வரியா இருக்கிற மண் கிண்ணம், கூட மரக் குழவி ஒண்ணு, அதுக்கு பேரு சுரிகோகி. நல்ல சுரிகோகி சான்ஷோ மரத்துல பண்ணுவாங்க, மேல முண்டு முண்டா இருக்கும், கைக்கு வழுக்காது. அடுத்து எள்ள கழுவி வடிகட்டி வறுக்கணும். ரெண்டு மூணு எள்ளு துள்ளினா போதும்னு ஜப்பான்ல ஒரு கணக்கு இருக்கு, எங்களுக்கு கத்துக்குடுத்தது கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல வெச்சு நசுக்கிப் பாக்கிறது, சுலபமா பொடியானா பதம் சரி. சூடு இருக்கும்போதே உப்புத்தூள் மேல போட்டு குழவிய அழுத்தாம சும்மா சுத்தி சுத்தி விடணும். அழுத்தி இடிச்சா எண்ணெய் கக்கி விழுதாயிடும். முக்கால்வாசி உடைஞ்சு கால்வாசி முழுசா இருக்கணும், அப்ப வர்ற மணம் இருக்கே, வீடே மாறிடும்.

எள்ளு எண்ணெய் உப்ப சுத்தி பூசிக்கிறதால இந்த உப்பு உடம்புக்கு கெடுதல் பண்ணாது, தாகம் எடுக்காது, அமிலத்த எடுத்துடும். உங்க மாமனாருக்கு தாராளமா குடுக்கலாம், பிபி தானா இறங்கும்.

கோவை_டயட்டீஷியன்

மீனா அக்கா, அரைக்கிற பக்குவம் அருமைங்க, ஆனா கடைசி பாராவ அப்படியே விட முடியாதுங்க. எண்ணெய் பூசியிருந்தா நாக்குல உறைப்பு கொஞ்சம் மட்டுப்படும், அது வாஸ்தவம். வயித்துக்குள்ள போனா உப்பு உப்புதான், சோடியம் அதே சோடியம்தான். பிபி இருக்கிறவருக்கு "தாராளமா" ங்கிற வார்த்தையே ஆகாதுங்க.

இங்க யாரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கு. பத்துக்கு ஒண்ணுன்னு சொல்றாங்களே, அது ஸ்பூன் கணக்கு. ஒரு டீஸ்பூன் உப்பு கிட்டத்தட்ட 6 கிராம், ஒரு டீஸ்பூன் எள்ளு 3 கிராம்தான். அப்ப பத்து ஸ்பூன் எள்ளு 30 கிராம், உப்பு 6 கிராம், மொத்தம் 36ல 6. எடைல பாத்தா ஆறுல ஒரு பங்கு உப்புங்க! பாலா அண்ணன் சொன்ன மூணு டேபிள்ஸ்பூனுக்கு ஒரு டீஸ்பூன்ங்கிறது ஒம்போதுக்கு ஒண்ணு, அப்ப அதுவும் இதுவும் உப்புல ஏறக்குறைய ஒண்ணேதான், அங்க உப்பு வெளில ஒட்டியிருக்கிறதால நாக்குல முதல்ல படுது, அவ்வளவுதான் வித்தியாசம். அரைச்சதுன்னா உப்பு கம்மின்னு நினைச்சு ரெண்டு ஸ்பூன் போட்டுக்கிறதுதான் ஆபத்து.

நித்யா, மாமனாருக்கு இருபதுக்கு ஒண்ணுன்னு பண்ணுங்க. எள்ளு 60, உப்பு 6, ஒரு டீஸ்பூன்ல உப்பு கால் கிராம் சொச்சம்தான் வரும். ஒப்பிட்டுப் பாக்கணும்னா ஒரு கிண்ணம் மிசோ (புளிக்க வெச்ச சோயா விழுது) சூப்ல ஒண்ணேகால்லேந்து ஒன்றரை கிராம் உப்பு, பழைய முறைல போட்ட உமேபோஷி (உமேங்கிற புளிப்புப் பழத்த உப்புல ஊறப்போட்டது) பெருசா ஒண்ணு எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு கிராம். ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2020ல வெச்ச இலக்கே ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 7.5 கிராமுக்குள்ள, பொம்பளைக்கு 6.5க்குள்ள. 2019 கணக்கெடுப்புல அவங்க நிஜமா சாப்பிட்டது ஆம்பளைங்க 10.9, பொம்பளைங்க 9.3. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5. கடை பாட்டில் எதுன்னாலும் பின்னாடி ஷோகுஎன் சோதோர்யோன்னு ஒரு வரி இருக்கும், உப்பு எவ்வளவுன்னு கிராம்ல போட்டிருப்பாங்க, கேமரா மொழிபெயர்ப்புல காட்டினா வந்துரும், அத பாத்துட்டு வாங்குங்க. அவருக்கு கிட்னி சம்பந்தமா எதாவது இருந்தா டாக்டர கேக்காம எதுவும் மாத்தாதீங்க.

கால்சியம் பத்தியும் யாராவது கிளம்பி வருவீங்க, இப்பவே சொல்லிடறேன். 100 கிராம் எள்ளுல 1200 மில்லிகிராம் கால்சியம், உண்மைதான். ஆனா யாருங்க 100 கிராம் எள்ளு சாப்பிடறா? ஒரு டீஸ்பூன்ல 36 மில்லிகிராம். அதுலயும் தோல்ல ஆக்சலேட் இருக்கிறதால முழுசா உடம்புல சேராது. ருசிக்கு சாப்பிடுங்க, மருந்துன்னு சாப்பிடாதீங்க.

ஆரோ_மீனா

எல்லாத்தையும் கிராம்ல நிறுத்தி பாத்தா சாப்பாடு லேப் ஆயிடும் தங்கச்சி. ஆயிரக்கணக்கான பேர் இதுல குணமாகியிருக்காங்க.

கோவை_டயட்டீஷியன்

அக்கா, வம்புக்கு சொல்லல. 1965ல அமெரிக்கால ஒரு இளம்பெண் ஒசாவாவோட ஏழாம் நம்பர் முறைன்னு தானியத்த மட்டும் மாசக்கணக்கா சாப்பிட்டு இறந்தே போச்சு, 1971ல அமெரிக்க மருத்துவ சங்கம் இந்த முறை ஆபத்துன்னு வெளிப்படையா எச்சரிச்சுது. பொடி மேல எனக்கு கோவம் இல்லைங்க, நானும் அரைச்சு வெச்சிருக்கேன்.

மட்டுறுத்துனர்

வைத்தியம் பேச வேற பகுதி இருக்கு, "குணமாகும்" பதிவு இனி வந்தா தூக்கிடுவோம். சமையலுக்கு வாங்க.

டொராண்டோ_தர்சி

நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச ஜப்பான் கடையில ஒரு பக்கத் தட்டு முழுக்க ஃபுரிகாகேதான், பிள்ளையளும் கேக்கினம். ஆனா மகளின்ட வகுப்பில ஒரு பிள்ளைக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாது, அதால எள்ளு போட்ட சாப்பாடு கொண்டு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். ஜப்பானில ஆக்கள் உதுக்கு என்ன செய்யினம்? அங்க எள்ளு இல்லாத சாப்பாடே இல்லையே.

நித்யா_நிஷிகசாய்

தர்சி, இங்க பாக்கெட்ல எள்ள அலர்ஜி லிஸ்ட்ல 2013ல சேத்தாங்க, ஆனா "போட்டாகணும்" பட்டியல்ல இல்ல, "போட்டா நல்லது" பட்டியல்லதான். பெரிய கம்பெனி பாக்கெட்ல பெரும்பாலும் போட்டிருக்கு, தெருமுனை பெந்தோ (டப்பா சாப்பாடு) கடைல வாங்கினா கேட்டுத்தான் ஆகணும். பையனோட ஹொய்குஎன்ல (குழந்தைகள் காப்பகம்) சேக்கும்போதே அலர்ஜி ஃபார்ம் குடுத்து நிரப்பச் சொன்னாங்க.

பாலா அண்ணா, அப்ப செகிஹானுக்கு மட்டும்தான் இங்கத்து ஆளுங்க கோமாஷியோ தொடுவாங்களா? தினசரி கிடையாதா?

கான்சாய்_பாலா

தினசரியும் உண்டு, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி மேசை மேல ஆராதனைக்கு வெச்ச கணக்கா இல்ல. ரயில்ல விக்கிற பெந்தோ, மக்குனோஉச்சி பெந்தோ எடுத்தீங்கன்னா வெள்ளை சாதத்த சின்னச் சின்ன உருளையா அழுத்தி வெச்சு மேல கருப்பு எள்ளு தூவியிருப்பான். வீட்ல ஒனிகிரிக்கு, பூசணிக்காய் வேக வெச்சதுக்கு, ஒகாயுன்னு அரிசிக் கஞ்சிக்கு போட்டுக்குவாங்க. கஞ்சிக்கு போட்டுப் பாருங்க, காய்ச்சல்ல வாய் கசந்து கிடக்கும்போது அதுக்கு இணை எதுவுமே இல்ல.

ஆனா உண்மையச் சொல்லணும்னா இப்ப சாதாரண ஜப்பான் வீட்ல மேசை மேல இருக்கிறது ஃபுரிகாகேதான். அதோட கதை பிரமாதம். தைஷோ காலம், அதாவது 1912க்கும் 1926க்கும் நடுவுல, குமாமோத்தோல யோஷிமாரு சுவேகிச்சின்னு ஒரு மருந்தாளுநர், ஜனங்களுக்கு கால்சியம் பத்தலன்னு மீன் முள்ள பொடி பண்ணி, அது நாறக்கூடாதுன்னு எள்ளு, கசகசா, நோரி (கடல்பாசித் தாள்) எல்லாம் சேத்து சாதத்து மேல தூவிக்கச் சொன்னார், கோஹான் நோ தோமோன்னு பேரு. இன்னிக்கும் அந்தப் பேர்ல குமாமோத்தோல விக்கிது. 1960ல மருமியா கம்பெனி நோரிதாமா கொண்டாந்தான், நோரியும் முட்டையும். அதுக்கப்புறம் ஃபுரிகாகேன்னாலே பிள்ளைங்க சாமான்னு ஆயிப்போச்சு, 1989ல நாகாதானிஎன் "பெரியவங்க ஃபுரிகாகே"ன்னே பேரு வெச்சு வித்தான், ஆபீஸ் போறவன் கூச்சப்படாம வாங்கணும்ல.

சைவ_சாப்பாட்டு_சங்கர்

ஃபுரிகாகே பத்தி நான் சொல்றேன், டோக்கியோல சைவமா குப்பை கொட்டிட்டு இருக்கவன். பெரும்பாலானதுல கத்சுவோபுஷி, அதாவது காய வெச்ச மீன் சீவல் இருக்கு, படத்துல வெறும் நோரியும் எள்ளும் போட்டிருந்தாலும் உள்ள மீன் சாறு இருக்கும், அதனால படத்த நம்பாதீங்க. நித்யா வீட்டுக்கு ஆகிறது யுகாரி. ஹிரோஷிமா மிஷிமா கம்பெனி 1970லேந்து போடறான், சிவப்பு ஷிசோங்கிற வாசனை இலைய உமே வினிகர்ல ஊற வெச்சு காய வெச்ச தூள், ஊதா கலர், புளிப்பும் உப்பும் சேந்து தயிர் சாதத்துக்கு அட்டகாசமா இருக்கும். அதே வரிசைல அகாரின்னு சிவப்பா ஒண்ணு நிக்கும், அது மீன் முட்டை, எடுத்துடாதீங்க, பாக்கெட் ஒரே ஜாடைல இருக்கும். எதுன்னாலும் பின்னாடி கத்சுவோ, சபா (கானாங்கெளுத்தி மீன்), தாமாகோ (முட்டை), எபி (இறால்) இந்த நாலும் இல்லையான்னு பாத்துக்கோங்க, கம்பெனிக்காரன் சரக்க மாத்திட்டே இருப்பான்.

யுகாரி உப்பு தூக்கல், மாமனாருக்கு அது வேணாம், உங்களுக்குதான் சொன்னேன். அவருக்கு கோமாஷியோவே நல்லது, அதுல மறைக்க ஒண்ணும் இல்ல, எள்ளு உப்பு ரெண்டே ரெண்டு. ஆனா கடை கோமாஷியோலயும் சிலதுல சுவையூட்டி சேக்கறான், அதையும் பாத்துக்கோங்க.

மயிலை_ராஜி

நான் சென்னைல இருக்கேன், சுரிபாச்சிக்கு எங்க போவேன்? நம்ம ஊர் எள்ளுப்பொடிதானே இது, மிளகா பெருங்காயம் இல்லாம? மிக்ஸில அடிச்சா போச்சு, இதுக்கு இவ்ளோ நீள இழையா?

ஆரோ_மீனா

ராஜி, நம்ம எள்ளுப்பொடில மிளகாயும் பருப்பும் முன்னாடி நிக்கும், எள்ளு பின்பாட்டு. இதுல எள்ளு தனியா மேடையேறுது, அதனால வறுவல் கொஞ்சம் தவறினாலும் காட்டிக்குடுத்துடும். மிக்ஸில பண்ணலாம், ஆனா எள்ளுல பாதி எண்ணெய், பிளேடு சூட்டுல சட்டுனு கக்கிடும். நல்லா ஆற விடணும், சின்ன ஜார் துளி ஈரம் இல்லாம, விட்டு விட்டு ரெண்டே திருப்பு, அவ்ளோதான். சின்ன உரல் இருந்தா அது மிக்ஸிய விட உசத்தி, இடிக்காம தேய்ச்சு விடுங்க. கருப்பு எள்ளுல நிறம் தெரியாதேன்னு கவலைன்னா கூட பத்து வெள்ளை எள்ளு போட்டு வறுங்க, அது பொன்னிறமானா இதுவும் ஆச்சு.

ஹொக்காய்டோ_கார்த்தி

வந்துட்டேன். செகிஹான் பேச்சு வந்ததால சொல்றேன், எங்க ஊர்ல செகிஹான்ல அசுகி பயறு போட மாட்டாங்க ப்ரோ, அமநாத்தோன்னு சக்கரைல ஊற வெச்ச இனிப்பு பீன்ஸ் போடுவாங்க, சாதம் ரோஸ் கலர்ல ஃபுட் கலர் போட்டு இருக்கும். சாதமே இனிப்பு, அது மேல கோமாஷியோ தூவி சாப்பிடணும். முதல் வாய்ல என்னடா கொடுமைன்னு இருக்கும், ரெண்டாவது தட்டு நீங்களே கேப்பீங்க. ஆபீஸ்ல டோக்கியோலேந்து மாத்தலாகி வந்தவன் ஒருத்தன் இன்னும் இத செகிஹான்னு ஒத்துக்க மாட்டேங்கறான், ஒவ்வொரு வருஷமும் அதே சண்டை.

கான்சாய்_பாலா

கார்த்தி, இதுக்கே இப்படின்னா தோகுஷிமா பக்கம் போயிப் பாரு. அங்க சாதம் சாதாரணமா இருக்கும், மேல தூவுறது கோமா சாதோ, எள்ளும் சக்கரையும்! பாக்கெட்லயே விக்கிறான். நான் போன கல்யாண வீட்ல உப்புன்னு நினைச்சு தூவிட்டு ஒரு நிமிஷம் முழிச்சேன், ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. டோக்கியோ பக்கம் அசுகி வெடிச்சிரும்னு சசாகேன்னு காராமணி மாதிரி ஒரு பயறு போடுவான், வயிறு கிழியிற மாதிரி பயறு வெடிக்கிறது சாமுராய்க்கு அபசகுனமாம். நீகாதால நாகாஒகா பக்கம் சோயா சாஸ் ஊத்தி பழுப்பா பண்றான், அதுல கோமாஷியோவுக்கு வேலையே இல்ல. ஊருக்கு ஊர் ஒரு செகிஹான், ஒவ்வொருத்தனும் தன்னோடதுதான் ஒரிஜினல்ங்கறான்.

மயிலை_ராஜி

சரி சரி ஒத்துக்கறேன், பண்ணிப் பாக்கறேன். எந்த உப்பு? யூட்யூப்ல ஒருத்தர் ஜப்பான் கடல் உப்பு இல்லாம பண்ணா அது கோமாஷியோவே இல்லன்னு அடிச்சு சொல்றாரே.

சைவ_சாப்பாட்டு_சங்கர்

அவர் ஒண்ணு விக்கிறாரு போல. ஜப்பான் உப்பு கதைய கேட்டா சிரிப்பீங்க. 1905லேந்து 1997 வரைக்கும் அங்க உப்பு அரசாங்கத்து ஏகபோகம். 1971ல ஒரு சட்டம் போட்டு உப்பளம் எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டு, அயனி சவ்வு வழியா மின்சாரத்துல உப்பு எடுக்கிற ஆலைக்கு மாத்தினாங்க. ருசி போச்சு, பழைய உப்பு வேணும்னு ஜனங்க கிளம்பினாங்க, அதுல பொறந்ததுதான் ஹகாத்தா நோ ஷியோ, 1973. ஆனா உப்பளம்தான் மூடியாச்சே, அதனால மெக்சிகோலேந்தும் ஆஸ்திரேலியாலேந்தும் வெயில்ல காஞ்ச உப்ப கொண்டாந்து ஜப்பான் கடல் தண்ணில கரைச்சு மறுபடி காய்ச்சறாங்க, இன்னிக்கும் அப்படித்தான், பாக்கெட்லயே எழுதியிருக்கு. நோத்தோ தீபகற்பத்துல கடல் தண்ணிய தோள்ல சுமந்து வந்து மணல் மேல வீசி எடுக்கிற பழைய உப்பும் இருக்கு, விலையும் அதுக்கு ஏத்த மாதிரி.

எள்ளு இன்னும் மோசம். ஜப்பான்ல திங்கிற எள்ளுல நூத்துக்கு 99க்கு மேல வெளிநாட்டு சரக்கு, நைஜீரியா, தான்சானியா, புர்கினா ஃபாசோன்னு ஆப்பிரிக்காலேந்துதான் நிறைய. உள்நாட்டு எள்ளுன்னா ககோஷிமாவுக்குத் தெக்க கிகாய்ஜிமான்னு ஒரு பவளத் தீவு, அங்கதான் அதிகம். ஆகஸ்ட் செப்டம்பர்ல அறுத்து கட்டு கட்டா ரோட்டோரமே நிக்க வெச்சு காய வைப்பாங்க. அந்த எள்ளு கடைல கண்ணுல படறதே அபூர்வம், பட்டாலும் சின்ன பாக்கெட்டுக்கு பெரிய விலை. அதனால ராஜி, உங்க தெரு மளிகைக் கடை எள்ளும் கல் உப்பும் போதும். எள்ளு மட்டும் புதுசா இருக்கணும், வாங்கும்போதே வாயில ரெண்டு போட்டுப் பாருங்க, காரல் வாடை வந்தா எந்த ஊர் உப்பும் காப்பாத்தாது.

டொராண்டோ_தர்சி

பண்ணி வைச்சால் எத்தினை நாளைக்கு இருக்கும்? இஞ்ச நான் ஒருக்கா அரைச்சுப் போத்தில்ல போட்டா மாசக்கணக்கில கிடக்கும்.

கோவை_டயட்டீஷியன்

மாசக்கணக்கா வேண்டாமுங்க. எள்ளு உடைஞ்சதும் எண்ணெய் காத்து பட ஆரம்பிச்சுரும், கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சு ரெண்டு வாரத்துல முடிக்கிற அளவு மட்டும் அரைங்க. அரைக்காம உப்பு படிய வெச்சது இன்னும் கொஞ்சம் தாங்கும். எடுக்கும்போது பாட்டில ஒரு தடவ தலைகீழா ஆட்டிட்டு எடுங்க, அரைச்சதுலயும் உப்பு அடில தங்கும்.

நித்யா_நிஷிகசாய்

எல்லாருக்கும் நன்றி. இருபதுக்கு ஒண்ணு பண்ணி நேத்து மதியம் வெச்சேன். மாமனார் முதல் வாய்ல "உப்பே இல்லையேம்மா"ன்னார், சூடு சாதத்துல ஒரு சொட்டு நெய் விட்டு பிசைஞ்சதுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லல, ராத்திரி தோசைக்கும் அதையே எடுத்துக்கிட்டார், எண்ணெய் கூட கேக்கல. ஊறுகா பாட்டில மாமியார் ஃபிரிட்ஜ் மேல் தட்டுல பின்னாடி தள்ளி வெச்சுட்டாங்க, அவர் கைக்கு எட்டும், கண்ணுக்கு தெரியாது. கடை பாட்டில வீணாக்கல, பையனோட ஒனிகிரிக்கு ரெண்டு சிட்டிகை.

மிக்ஸில அடிச்சதுல கொஞ்சம் விழுது தட்டிடுச்சு, அதனால சுரிபாச்சி வாங்கலாம்னு இருக்கேன். நூறு யென் கடைல இருக்கே, அது போதுமா?

கான்சாய்_பாலா

நூறு யென் கடைல இருக்கிறது சின்னது, ஒரு ஆளுக்கு கீரைல கலக்க ரெண்டு ஸ்பூன் எள்ளு தேய்க்கலாம், உங்க கணக்குக்கு குழவி சுத்தும்போதே பாதி எள்ளு தரைல கிடக்கும். அங்கேயே கைல திருகுற எள்ளு அரைக்கிற டப்பா ஒண்ணு விப்பான், உப்பு இல்லாம எள்ள மட்டும் அதுல திருகிட்டு அப்புறம் உப்புத்தூள் கலந்துக்கலாம், அவசரத்துக்கு அது போதும். கிண்ணமே வேணும்னா வாய் அகலம் 20 சென்டிமீட்டராவது இருக்கணும், கிண்ணத்த விட குழவி நீளமா இருக்கணும், அப்பத்தான் மேல் கைய நடுவுல ஊனி கீழ் கையால சுத்த வரும். அடில ஈரத்துணி விரிச்சுக்கோங்க, இல்லன்னா கிண்ணமும் சேந்து சுத்தும். கழுவும்போது சோப்பு வேணாம், வரிக்குள்ள பூச்சு இருக்காது, வாடை புடிச்சுக்கும். வெந்நீர்ல கொஞ்ச நேரம் ஊற விட்டு பழைய பல் துலக்கி பிரஷ்ஷால வரியோட போக்குலயே தேய்ங்க, குறுக்க தேய்ச்சா எள்ளு இன்னும் உள்ள போயி உக்காந்துக்கும். கவுத்து வைக்காம சாய்ச்சு வெச்சு நல்லா காய விடுங்க, தூயு மழைக்காலத்துல ஒரு நாள் ஈரமா விட்டா கூட பூஞ்சை வந்துரும்.